தமிழ் மாணவரின் கையில் எந்தத் தூரிகை?

மதுரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் எழுத்தின் வரலாற்றைத் தம் மண்ணிலேயே தாங்கி நிற்பவை. மாங்குளம் குன்றின் பாறையில் உளியால் வெட்டப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையன. பின்னர் எழுத்தாணியும் ஓலையும் வந்தன. 1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, ஓலையில் உறங்கிய நூல்கள் அச்சேறும் காலம் கனிந்திருந்தது. 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தொடங்கப்பெற்ற ‘மதுரைத் திட்டம்’ பழந்தமிழ் நூல்களை மின்பதிப்புகளாக்கி இணையத்தில் ஏற்றியது. சங்கம் வளர்த்த நகரின் பெயரையே அத்திட்டம் தனக்குச் சூட்டிக்கொண்டது. கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. அக்கருவிகளால் எழுதப்பட்டது தமிழாகவே இருந்தது.

இன்று தமிழ்த்துறை மாணவரின் கைக்கு மற்றொரு கருவி வந்து சேர்ந்திருக்கிறது. வலைத்தளம் வடிவமைக்கக் கற்க வேண்டும் என்னும் ஆர்வம் அவர்களிடையே பெருகி வருகிறது. அதனை நாம் மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம். இளங்கலைத் தமிழ் படித்தவருக்கு ஆசிரியப்பணி ஒன்றே வழி என்றிருந்த நிலை மாற வேண்டும். மேலூரில் அரிசி ஆலை நடத்துபவருக்கும், திருமங்கலத்துப் பள்ளிக்கூடத்திற்கும், ஊர் ஜமாஅத்திற்கும் இன்று ஒரு வலைப்பக்கம் தேவைப்படுகிறது. அப்பக்கத்தைப் பிழையற்ற தமிழில், கண்ணுக்கு இனிய வடிவில் அமைத்துத் தரத் தமிழ் கற்றவரைவிடத் தகுதியானவர் யாவர்?

இவ்வார்வத்தோடு வரும் மாணவர் முதலில் கேட்கும் வினா ஒன்றுண்டு: “ஐயா, படம் பண்ண எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்?” இதற்குப் பெரும்பாலோர் தரும் விடை ‘ஃபோட்டோஷாப்’ அல்லது ‘கோரல்டிரா’ என்பதாகும். இரண்டும் சிறந்த மென்பொருள்களே. ஆயினும், தொடக்க நிலை மாணவர் ஒருவர் அவற்றைத் தேர்ந்தெடுப்பது முறைதானா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. விளம்பரத்தைக் கொண்டோ, அடுத்தவர் வைத்திருக்கிறார் என்பதைக் கொண்டோ கருவியைத் தேர்தல் கூடாது. தமிழை ஒழுங்காக எழுதுமா, நேர்மையான வழியில் நம் கைக்கு வருமா, நாம் செய்த வேலை நாளையும் நம்மிடம் இருக்குமா என்னும் மூன்று அளவுகோல்களை நாம் முன்வைக்கிறோம்.

படத்தின் இருவகை

அளவுகோல்களுக்குச் செல்லுமுன், கணிப்பொறியில் படம் எவ்வாறு உருவாகிறது என்பதைச் சுருங்கக் காண்போம். கணிப்பொறிப் படங்கள் இருவகைப்படும். ஒன்று, படப்புள்ளிகளால் ஆனது. கைப்பேசியில் எடுக்கும் ஒளிப்படம் இவ்வகையைச் சார்ந்தது. இலட்சக்கணக்கான நுண்ணிய சதுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம்; அவை சேர்ந்து நிற்கும்போது கோரிப்பாளையம் தர்காவின் குவிமாடம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. பெரிதாக்கிக்கொண்டே போனால் குவிமாடம் மறைந்து சதுரங்களே மிஞ்சும்.

மற்றொன்று, கோடுகளாலும் வளைவுகளாலும் ஆனது. ‘இங்கே தொடங்கி, இப்படி வளைந்து, அங்கே முடி’ என்னும் கட்டளையாகவே படம் சேமிக்கப்படுகிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாது. நம் வீட்டு வாசல்களின் கோலம் இத்தகைய படமே. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1970களிலேயே கோலங்களின் அமைப்பைக் கணித நெறிப்படி ஆராய்ந்தார் என்பதை மாணவர் அறிதல் வேண்டும். நிறுவனச் சின்னங்கள், அணிகலன் போன்ற ஓரக்கோலங்கள், எழுத்து வடிவங்கள் ஆகியன இவ்வகையில் வரையப்பட வேண்டியவை.

எனவே தொடக்கநிலை மாணவருக்கு இரண்டு மென்பொருள்கள் தேவை. ஒளிப்படத்தைத் திருத்த ஒன்று. கோட்டுப்படம் வரைய மற்றொன்று. ஃபோட்டோஷாப் முதல்வகை, கோரல்டிரா இரண்டாம்வகை. இவற்றிற்கு நிகராகக் கட்டற்ற மென்பொருள் உலகில் ஜிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் உள்ளன.

முதல் அளவுகோல்: தமிழ்

தமிழெழுத்தின் இயல்பு ஆங்கில எழுத்தின் இயல்பினின்றும் வேறுபட்டது. ‘கொ’ என்று எழுதும்போது ககரத்தின் முன்னே ஒற்றைக்கொம்பும் பின்னே காலும் நிற்கின்றன. ஒருங்குறியிலோ ககரமும் ஒகரக் குறியும் அடுத்தடுத்துச் சேமிக்கப்படுகின்றன. அக்குறியை இரண்டாகப் பிரித்து முன்னும் பின்னும் நிறுத்துவது மென்பொருளின் கடமை. இக்கடமையைச் செய்ய அறியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இடையில் புள்ளியிட்ட வட்டம் ஒன்று தோன்றும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகள் பலவற்றில் தமிழுக்கு இக்கதியே நேர்ந்தது. பின்வந்த பதிப்புகளிலும் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துப்பொறியை அமைப்புகளில் தேடிப்பிடித்துத் தேர்ந்து வைத்தாலன்றித் தமிழ் ஒழுங்குபெறாத நிலை இருந்தது.

இக்குறையைத் தவிர்க்கவே நம் அச்சகங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைப் பற்றிக்கொண்டன. அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் அமர்த்தப்பட்டிருக்கும். அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அவ்வுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். தமிழ்நாட்டரசு 1999இல் டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளை ஏற்றது. 2010இல் ஒருங்குறிக்கு மாறியது. அரசு மாறிய பின்னும் பழைய எழுத்துருவை விடாதிருப்பது வலைத்தளத்திற்குப் பொருந்தாது.

ஜிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் பணியை ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் கட்டற்ற நிரற்கூறிடம் ஒப்படைத்திருக்கின்றன. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் இதனையே பயன்படுத்துகின்றன. அப்பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. ‘ஹர்ஃப்’ என்பது எழுத்து. ‘பாஸ்’ என்பது திறந்தது. மதரசாவில் ஹர்ஃபு கூட்டி ஓதிய நம் பிள்ளைகளுக்கு இச்சொல் அயலானதன்று. தமிழின் கொம்பையும் காலையும் இடமறிந்து நிறுத்தும் அக்கூறே அரபு எழுத்துகளையும் முதல், இடை, கடை வடிவறிந்து இணைத்துக் காட்டுகிறது. சீறாப்புராணத்தைப் பற்றிய பக்கம் ஒன்றில் தமிழும் அரபும் அருகருகே வர வேண்டிய நம் துறைக்கு இஃது எத்துணைப் பெரிய உதவி!

எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் மாணவர் முதலில் ஓர் எளிய தேர்வை நடத்திப் பார்க்கட்டும். ‘கொட்டாம்பட்டி, கோரிப்பாளையம், மேலூர், பௌர்ணமி’ என்னும் நான்கு சொற்களை ஒருங்குறியில் தட்டிப் பாருங்கள். நான்கும் பிழையின்றி வந்தால் அடுத்த படிக்குச் செல்லலாம். வாராவிடின் அம்மென்பொருள் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் நமக்குரியதன்று.

இரண்டாம் அளவுகோல்: நேர்மை

ஃபோட்டோஷாப்பை உடைமையாக வாங்கும் வழியை அதன் நிறுவனமான அடோபி 2013ஆம் ஆண்டுக்குப் பின் படிப்படியாக அடைத்துவிட்டது. புதிய பதிப்புகள் வாடகை முறையிலேயே கிடைக்கின்றன. வாடகை நின்றால் பயன்பாடும் நின்றுபோகும். உசிலம்பட்டியிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் பேருந்தேறி வரும் மாணவர் மாதந்தோறும் அத்தொகையைச் செலுத்துவது எங்ஙனம்? ஆதலால் பூட்டுடைத்த படி ஒன்று நண்பரிடமிருந்து நினைவகக் குச்சியில் வந்து சேர்கிறது. கேட்பாரில்லை, கேட்டால், “எல்லாரும் இதைத்தான் வச்சிருக்காங்க” என்பது மறுமொழி.

இதனைச் சிறுபிழை என்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 63-பி பிரிவு, திருட்டுப் படி என்று அறிந்தே கணிப்பொறியில் பயன்படுத்துதலைக் குற்றமாக்குகிறது. ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் அதில் விதிக்கப்பட்டுள்ளன. ஊதியமோ வணிகமோ கருதாது பயன்படுத்தினால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் அரிசி ஆலைக்குப் பக்கம் அமைத்துக் கூலி பெறும் நாளில் அச்சலுகையும் போய்விடும்.

சட்டத்தினும் பெரியது அறம். பிள்ளைகள் ஈட்டும் பொருள் ஹலாலாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தும் பெரியோர், அவர்கள் தொழில் கற்கும் கருவி எவ்வழி வந்தது என்று கேட்பதில்லை. வட்டியை விலக்கும் வீட்டில், பிறர் உழைப்பைத் திருடிய படி ஒன்று கணிப்பொறியில் குடியிருக்கலாமா? பயிற்சியின் முதல் நாளே களவோடு தொடங்கினால், பின்னாளில் அம்மாணவரின் படைப்பைப் பிறர் களவாடும்போது அவர் எந்த முகத்தோடு முறையிடுவார்?

கட்டற்ற மென்பொருளில் இச்சிக்கலே எழுவதில்லை. யாவரும் பயன்படுத்தலாம், படியெடுத்துப் பிறருக்குத் தரலாம், உள்ளிருக்கும் நிரலைப் படித்துத் திருத்தலாம். நண்பருக்குக் கொடுப்பது அங்கே குற்றமன்று; கொடுக்கும்படி உரிமமே இசைவளிக்கிறது. மாணவர் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. ஃபோட்டோஷாப்பின் முதல் நிரலை எழுதிய தாமஸ் நோல் அப்பொழுது மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர். ஜிம்ப்பை 1995இல் தொடங்கிய ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி மாணவர்கள். இரண்டும் மாணவர் கையில் பிறந்தவையே. ஒன்று வணிகத்திற்குச் சென்றது. மற்றொன்று பொதுச்சொத்துப்போல் எல்லார்க்கும் திறந்திருக்கிறது.

மூன்றாம் அளவுகோல்: நிலைப்பேறு

ஒரு காலத்தில் தமிழ்நாட்டு அச்சுக்கோப்பகங்கள் யாவும் பேஜ்மேக்கரையே நம்பியிருந்தன. 2001இல் வெளிவந்த 7.0 அதன் இறுதிப் பதிப்பாயிற்று. அதில் உருவான மலர்களின் கோப்புகளை இன்று திறக்க முயல்வோர் படும் பாட்டை நம் துறையும் அறியும். வலைத்தளப் படங்களுக்கெனவே 1998இல் மேக்ரோமீடியா வெளியிட்ட ஃபயர்வொர்க்ஸ், தொடக்க மாணவருக்கு மிக ஏற்றது என்று போற்றப்பட்டது. 2005இல் அந்நிறுவனத்தை அடோபி வாங்கியது; 2013இல் ஃபயர்வொர்க்ஸின் வளர்ச்சி நிறுத்தப்படும் என்று அறிவித்தது. பல்லாயிரவர் பயின்ற ‘ஃப்ளாஷ்’ 2020ஆம் ஆண்டு இறுதியோடு ஆதரவிழந்தது. நிறுவனம் முடிவு செய்த அன்று மாணவரின் பயிற்சியும் கோப்பும் ஒருசேரப் பயனிழக்கின்றன.

இங்க்ஸ்கேப் தன் படங்களை எஸ்.வி.ஜி. என்னும் வடிவில் சேமிக்கிறது. இஃது உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2001இல் ஏற்ற பொதுத் தரம். எந்த உலாவியும் அதனைக் காட்டும். எளிய உரைத்திருத்தியில் திறந்து எழுத்தாகவே படிக்கவும் முடியும். இங்க்ஸ்கேப் நாளை இல்லாதொழிந்தாலும் படம் பிழைத்திருக்கும். ஓலைச்சுவடியைக் கரையானுக்குக் கொடுத்து வருந்திய இனத்தார் நாம். திறந்த வடிவத்தின் அருமை நமக்குத் தெரியாமற் போகலாகாது.

கேன்வா, ஃபிக்மா போன்ற இணையவழிக் கருவிகளையும் மாணவர் விரும்புகின்றனர். அவை எளியவை, உலாவியிலேயே இயங்குவதால் தமிழும் பெரும்பாலும் ஒழுங்காகவே அமையும். பலர் கூடி ஒரு பக்கத்தைத் திட்டமிட ஃபிக்மா மிக நன்று. எனினும் இணைய இணைப்பு இல்லாத ஊரில் அவை பயன்படா. நம் வேலை பிறர் வீட்டுப் பேழையில் இருக்கும். ஆயத்த வார்ப்புருவில் பெயரை மாற்றுவது வடிவமைப்பைக் கற்பதாகாது. இரண்டாம் ஆண்டில் அவற்றைப் பழகட்டும். முதல் ஆண்டில் வேண்டா.

எதிர்ப்புரைக்கு விடை

“ஜிம்ப் தெரிந்தவரை எந்த அச்சகம் வேலைக்கு எடுக்கும்?” என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. மாசி வீதிகளைச் சூழ்ந்த சந்துகளில் பதாகை அடிப்போரும், சிவகாசி அச்சகத்தாரும் ஃபோட்டோஷாப்பையும் கோரல்டிராவையுமே கேட்கின்றனர். அச்சுக்குரிய நால்வண்ண முறையில் அம்மென்பொருள்கள் வலியன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நாம் பேசுவது வலைத்தளம். திரையில் தோன்றுவன சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவொளியால் ஆனவை. அங்கே ஜிம்ப்பிடம் குறை காண இடம் மிகக் குறைவு. 2025இல் வெளிவந்த அதன் 3.0 பதிப்பு, மூலப் படத்தைச் சிதைக்காமலே விளைவுகளைச் சேர்க்கவும் நீக்கவும் வசதி தருகிறது.

மேலும், கற்க வேண்டியது பொத்தான்களின் இடத்தை அன்று. அடுக்குகளைக் கையாளுதல், வேண்டிய பகுதியை மட்டும் தெரிந்தெடுத்தல், வளைகோட்டை வசப்படுத்தல், நிறங்களின் ஒத்திசைவு, எழுத்தைச் சூழ விடும் வெற்றிடம் ஆகியன எங்கும் ஒன்றே. இவற்றை ஜிம்ப்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் தேர்ந்தவர், பணியில் சேர்ந்தபின் நிறுவனம் முறையாக உரிமம் பெற்று வைத்திருக்கும் ஃபோட்டோஷாப்பில் சில வாரங்களில் பழகிவிடுவார். உழவு கற்றவருக்கு ஏர் மாறினால் என்ன?

நம் அண்டை மாநிலம் இதற்குச் சான்று. கேரளப் பள்ளிகள் 2000களின் நடுப்பகுதி முதல் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. ஜிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் அங்கே உயர்நிலை வகுப்புப் பாடநூல்களிலேயே இடம்பெற்றுள்ளன. தேனியைக் கடந்து குமுளியில் ஏறினால் பள்ளிப் பிள்ளை பயிலும் ஒன்றை, நம் கல்லூரி மாணவர் அறியாதிருக்க வேண்டியதில்லை.

எழுத்தைச் சிறைவைக்காதீர்

கருவி கைக்கு வந்தபின் மாணவர் தவிர்க்க வேண்டிய பெருந்தவறு ஒன்றுண்டு. அழகிய தமிழ் வாசகத்தைப் படத்திற்குள் எழுதி, முழுப் பக்கத்தையும் ஒரே படமாக ஏற்றிவிடுகின்றனர். கண்ணுக்கு அது தமிழ். கணிப்பொறிக்கு அது வெறும் நிறச்சதுரங்கள். தேடுபொறி அதனைக் காணாது. பார்வையற்ற மாணவரின் திரைபடிப்பான் அதனைப் படியாது. கைப்பேசியின் சிறுதிரையில் எழுத்துப் பொடியாகிவிடும். படம் படமாகவும் எழுத்து எழுத்தாகவும் இருப்பதே வலைத்தள நெறி.

எழுத்தழகு வேண்டின் வலை எழுத்துருக்கள் உள்ளன. நம் நகரின் பெயரையே தாங்கிய ‘ஹிந்த் மதுரை’ திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. இலங்கையைச் சேர்ந்த எழுத்துருக் கலைஞர் தாரிக் அஸீஸ் கையெழுத்துச் சாயலில் வடித்த ‘கவிவாணர்’ எழுத்துருவும் அவ்வாறே. இவற்றைப் பக்கத்தின் நிரலில் இணைத்துவிட்டால் படத்தின் துணையின்றியே தலைப்புகள் பொலியும்.

படங்களின் எடையும் கருதத்தக்கது. கைப்பேசி எடுக்கும் 4000க்கு 3000 அளவுள்ள ஒளிப்படத்தில் ஒரு கோடியே இருபது இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. அதனை ஜிம்ப்பில் 1200க்கு 900 என்று சுருக்கினால் பத்து இலட்சத்து எண்பதாயிரம் மட்டுமே. ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கு. கைப்பேசித் திரையில் வேறுபாடு தெரிவதில்லை. ஆனால் கொட்டாம்பட்டியில் வலுவற்ற இணைப்பில் காத்திருப்பவருக்குப் பக்கம் விரைவில் திறக்கும். ஒளிப்படத்திற்கு ஜேபெக், சில நிறங்களே உள்ள படத்திற்கும் பின்புலம் ஊடுருவித் தெரிய வேண்டியதற்கும் பி.என்.ஜி., சின்னத்திற்கும் கோலத்திற்கும் எஸ்.வி.ஜி. என்பதை மனத்திற் கொண்டால் தொடக்கத்திற்குப் போதும்.

செய்யத்தக்கன

மாணவர்க்குச் சொல்வது இது: பயிற்சியைப் பிறர் படங்களைக் கொண்டு தொடங்காதீர், நம் மண்ணிலிருந்து தொடங்குங்கள். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் புள்ளி ஒன்றை இங்க்ஸ்கேப்பில் வரையுங்கள். பின் அதனை ஓடு பதிப்பதுபோல் வரிசையாகப் பெருக்கும் வசதியைக் கொண்டு ஒரு முந்தானையை விரியுங்கள். தமிழ்ப் பிராமி எழுத்தின் ஒளிப்படம் ஒன்றை எடுத்து, ஜிம்ப்பில் ஒளியும் நிழலும் திருத்தி, இங்க்ஸ்கேப்பில் அதன் விளிம்பைக் கோடாக்குங்கள். கல்வெட்டுப் பாடமும் வரைகலைப் பாடமும் ஒருங்கே கைவரும். வழிகாட்ட ஆள் இல்லையே என்று தயங்க வேண்டா. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் இவ்விரு மென்பொருளுக்கும் குரல்வழிப் பாடங்களைத் தமிழிலும் வழங்குகிறது.

ஆசிரியப் பெருமக்கள், திறன்சார் தாள்களில் இப்பயிற்சிக்கு இடம் தர முன்வர வேண்டும். மதிப்பீட்டின்போது படத்தின் பகட்டை மட்டும் நோக்காது, ஒற்றுப்பிழையையும் எழுத்துருவின் ஒழுங்கையும் மென்பொருள் வந்த வழியையும் நோக்க வேண்டும்.

சமுதாயப் பெரியோரிடம் நாம் வேண்டுவது பெருந்தொகையன்று. மென்பொருளுக்குச் செலவே இல்லை. ஓர் அறை, பழையனவாயினும் இயங்கக்கூடிய சில கணிப்பொறிகள், மாலையில் இரண்டு மணி நேரம் மின்சாரம்; இவை போதும். தம் கடைக்கும் பள்ளிக்கும் ஜமாஅத்திற்கும் தேவையான பக்கங்களை மாணவரிடமே ஒப்படைத்து உரிய கூலியும் தந்தால், அதனினும் சிறந்த உதவித்தொகை வேறில்லை.

உளியைத் தேர்ந்தெடுத்தவன் பாறையையும் எண்ணினான். தன் எழுத்தைப் பின்னாளில் படிக்கப் போகிறவனையும் எண்ணினான். அதனாலன்றோ மாங்குளத்து எழுத்து இன்றும் பேசுகிறது. நம் மாணவரும் அவ்வாறே எண்ணிக் கருவியைத் தேர்வார்களாக. தமிழைச் சிதைக்காத, களவுக்கு இடந்தராத, காலத்தால் பூட்டப்படாத கருவியே தமிழ் மாணவரின் தூரிகையாகட்டும் என்பது நம் துணிபு.